ஆடுகளத்திலிருந்து மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்கு: ஆலன் பேஜ் போன வழி

அமெரிக்காவில் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மினசோட்டாவில் அது கட்சி சாராத தேர்தல். 1971-இல் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இன் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கிய ஆலன் பேஜ், கீழ் நீதிமன்றம் எதிலும் நீதிபதியாக இருக்காமலே 1993 ஜனவரியில் நேராக அங்கே பதவியேற்றது இதனால்தான். வேறொரு விளையாட்டு வீரர் அதே வழியில் போக நினைத்தால் சில கணக்குகளை முன்கூட்டியே போட வேண்டும்.

முதலில் வயது. 70 ஆனால் ஓய்வு கட்டாயம். ஒரு பதவிக்காலம் 6 ஆண்டு. பேஜ் 47 வயதில் வென்றார். 1998, 2004, 2010 என்று மூன்று முறை மறுபடி நின்று, 2015 வரை இருந்தார். 60-ஐத் தாண்டி நிற்பவருக்கு இரண்டு பதவிக்காலம் முழுதாகத் தேறாது.

வேட்பாளர் வழக்கறிஞராக இருந்தே ஆக வேண்டும். எந்தப் பாடத்திலாவது நான்காண்டுப் பட்டம், பிறகு பெரும்பாலும் சட்டக் கல்லூரி நுழைவுக்கான எல்சாட் தேர்வு (மதிப்பெண் 120 முதல் 180 வரை), மூன்றாண்டு ஜே.டி. என்ற சட்டப் படிப்பு, அதன்பின் வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு. பல மாநிலங்களுக்குப் பொதுவான யூ.பி.இ. பார் தேர்வு முறையில் மினசோட்டா கேட்பது 400-க்கு 260. தொழில்நெறித் தேர்வான எம்.பி.ஆர்.இ-இல் 85 வேண்டும். நன்னடத்தை விசாரணையும் உண்டு. பழைய கடன், கைது எதுவானாலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடந்ததைவிட மறைத்ததற்குத்தான் உரிமம் அதிகம் சிக்கும்.

விளையாடிக்கொண்டே படிப்பவர் வழக்கமாகத் தடுக்கி விழுவது முதலாண்டில். சட்டக் கல்லூரியில் பல பாடங்களுக்கு மொத்த மதிப்பெண்ணும் ஒரே இறுதித் தேர்வில்தான். அது வருவது டிசம்பரில். என்.எஃப்.எல். பருவம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். பேஜ் முதலில் வில்லியம் மிட்சல் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விளையாட்டையும் விடாமல் 1978-இல் முடித்தார். அதே ஆண்டு அவர் ஆடிவந்த மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரைக் கழற்றிவிட்டது வேறு கதை. இன்றைக்குச் சேர்பவர் பகுதிநேர வகுப்பு கேட்கலாம். அமெரிக்க வழக்கறிஞர் (பார்) சங்க விதிப்படி ஜே.டி-ஐ முடிக்கப் பொதுவாக 84 மாதம் வரை அவகாசம் உண்டு. மூன்றே ஆண்டில் முடித்துக் காட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

உரிமம் கிடைத்ததும் தேர்தலுக்கு ஓட வேண்டாம். பேஜ் சிகாகோ பேர்ஸ் அணிக்கு ஆடிய காலத்திலேயே, ஆட்டமில்லாத மாதங்களில் மினியாபொலிஸ் சட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1985 முதல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் எட்டு ஆண்டு. இவர் பந்து விளையாடியவர்தானே என்று எதிராளி கேட்டால் பதில் சொல்வது இந்த எட்டு ஆண்டுதான்.

இனித்தான் சூட்சுமம். மினசோட்டாவில் பொதுவாக "உச்ச நீதிமன்றத்துக்கு" என்று மனு போட முடியாது. ஏழு நாற்காலியில் எது என்று குறிப்பிட வேண்டும். மனுக் கட்டணம் 300 டாலர்தான். ஆனால் பதவியில் இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் நடப்பு நீதிபதி என்று வாக்குச்சீட்டிலேயே அச்சாகியிருக்கும். விவரம் தெரியாத வாக்காளர் அதைப் பார்த்துத்தான் புள்ளி வைப்பார். விலக நினைக்கும் நீதிபதிகளோ பெரும்பாலும் பதவிக்காலத்தின் நடுவில் விலகுவார்கள். ஆளுநர் ஒருவரை நியமிப்பார். ஓராண்டுக்கு மேல் கழித்து வரும் பொதுத் தேர்தலில்தான் அவர் நிற்க வேண்டும். ஆகவே காலி நாற்காலிக்குத் தேர்தல் வருவது அபூர்வம்.

1992-இல் பேஜ் குறிவைத்த நாற்காலியில் இருந்தவர் லாரன்ஸ் யெட்கா. ஆளுநர் ஆர்னி கார்ல்சன் அவருடைய பதவிக்காலத்தை நீட்டித்ததால் தேர்தலே இல்லாமல் போகப் பார்த்தது. பேஜ் வழக்குப் போட்டு வென்றார், யெட்கா விலகினார், காலி நாற்காலிக்குப் போட்டி நடந்தது. ஊரறிந்த பெயர் உதவியது இந்த இடத்தில்தான். அதற்கு முன்னால் உதவியது சட்டம்.

பிரசாரத்தில் வேட்பாளர் நேரில் பணம் கேட்பதற்கு நடத்தை விதிகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. பொதுவாகப் பிரசாரக் குழுதான் திரட்டும். சர்ச்சைக்குரிய விஷயங்களில் கருத்துச் சொல்ல 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. இந்த வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குக் கொடுப்பது மட்டும் இன்றும் கூடாது.

முதல்நிலைக் கொலைத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு நேராக மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குத்தான் வரும். கீழ் நீதிமன்ற அனுபவம் இல்லாமல் வருகிறவர், பக்கம் பக்கமாக இருக்கும் சாட்சியப் பதிவுகளைப் படித்துப் பழகுவதை மனு போடும் முன்பே தொடங்கிவிட வேண்டும்.