பழங்கொடி ஷிராஸ் பாட்டிலைக் கம்பத்து வெயிலில் திறப்பது எப்படி

ஆஸ்திரேலியாவிலிருந்து மச்சானோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்த, ஷிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்று பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கிறதா? இது உங்களுக்குத்தான். கம்பம், கூடலூர் பக்கம் அந்த பாட்டில் படும் பாட்டை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஐஸ் கட்டி போடுகிறார்கள், சோடா ஊற்றுகிறார்கள், எவர்சில்வர் டம்ளரில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு "என்னப்பா இவ்வளவு துவர்ப்பு" என்று முகம் சுளிக்கிறார்கள். திராட்சை போட்டுப் பிழைக்கிற ஊர் நம்முடையது. நூறு வருஷக் கொடி காய்த்த பழத்தை இப்படிப் பாழாக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

முதலில் லேபிளைப் படியுங்கள். பழைய கொடி என்று போட்டிருந்தால் பழசு கொடிதான், ஒயின் இல்லை. அதில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஆண்டு பழம் பறித்த ஆண்டு. கொடியின் வயசு வேறு கணக்கு. இந்தப் பழைய கொடிகளுக்குப் பேர் போன இடம் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த திராட்சைக் குச்சிகள் 1832-இல் சிட்னி வந்து சேர்ந்தன. நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும் ஆண்டு 1832 என்றும்தான் சொன்னார்கள். எனக்கு இந்த ஒற்றுமை ரொம்பப் பிடிக்கும்.

பரோசாவில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மைல் தோட்டத்தில் இன்னமும் காய்க்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது, ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவே இல்லை, அதனால்தான் அந்தக் கொடிகள், பூச்சியைத் தாங்கும் வேறு கொடியின் வேரில் ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன. 2009-இல் பரோசாக்காரர்கள் தாங்களாகவே ஒரு வரிசை வகுத்தார்கள்: 35 வருஷம் தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதை. இது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு, சட்டம் இல்லை. அதனால் வேறு ஊர் பாட்டிலில் வெறுமனே பழைய கொடி என்று மட்டும் இருந்தால் நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள், கொடி நட்ட ஆண்டோ வயசோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வயசான கொடியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், நம்மூர்த் தோட்டக்காரருக்குச் சட்டென்று புரியும். பந்தலில் ஏற்றி, தண்ணீர் விட்டு, கவாத்து மேல் கவாத்து பண்ணி இரண்டு வருஷத்தில் ஐந்து காய்ப்பு எடுக்கிறோம் நாம். அங்கே கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும், வருஷத்துக்கு ஒரே காய்ப்பு. பழைய தோட்டங்களில் பல மானாவாரி, வேர் ஆழத்தில் இருக்கும், கொத்து குறைவு, பழமும் பொடிசு. பழம் பொடிசாக இருந்தால் சாற்றுக்குத் தோல் அதிகம், நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. அந்த மை போன்ற கருஞ்சிவப்பு அப்படி வருவதுதான்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

இங்கே முதல் எதிரி வெயில். புத்தகங்களில் அறை வெப்பம் என்று எழுதியிருப்பார்கள், அது ஐரோப்பியக் குளிர் வீட்டுக் கணக்கு. ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். நம் கூடத்தில் 30-க்குக் குறையாது, அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். குடிப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஃபிரிட்ஜில் வையுங்கள், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்து வரைக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். ஐஸ் பாட்டிலுக்கு வெளியே இருக்கட்டும், குடிக்கும் கிளாஸுக்குள் வேண்டாம். ரொம்பச் சில்லென்று ஆனாலும் தப்பு, துவர்ப்பு தூக்கலாகி வாசனை அடங்கிவிடும். வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் அடுப்படி வேண்டாம், ஃபிரிட்ஜ் தலையும் வேண்டாம், வெளிச்சம் படாத உள்ளறையில் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கார்க் மூடி என்றால் படுக்க வைக்க வேண்டும், திருகு மூடிக்கு எப்படி வைத்தாலும் சரி. குமுளியில் வீடு இருப்பவர்களுக்கு மலைக்குளிரே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஆனால் எல்லை தாண்டி பாட்டிலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் மதுச் சட்டம் தனித்தனி, குடிக்கும் வயசே அங்கே 23, இங்கே 21.

பத்து வருஷம் தாண்டிய பாட்டில் என்றால் அடியில் வண்டல் இருக்கும். முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். திறக்கும்போது கார்க் பொடிந்தால் பதற வேண்டாம், வாசனை இல்லாத வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஒரு கண்ணாடி ஜக்கை எடுத்து, சோப்பு வாடை துளியும் இல்லாமல் அலசிக் காயவைத்து, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராக மெதுவாக ஊற்றுங்கள். தெளிவான சிவப்பு ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று புகை மாதிரி ஒரு கருப்புக் கோடு கழுத்துக்கு வரும், அந்த நொடி நிறுத்திவிட வேண்டும். மிச்சம் இரண்டு வாய் வண்டல்தான், போனால் போகட்டும். நாலைந்து வருஷத்து ஒயின் என்றால் ஜக்கில் ஒரு மணி நேரம் காற்றாடட்டும், முரட்டுத்தனம் அடங்கும், ஆனால் அறைச்சூட்டில் வைக்காமல் ஜக்கைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். ரொம்பப் பழசை ஊற்றிய உடனே குடித்துவிட வேண்டும், வாசனை நிற்காது.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றி, முதலில் மோந்து பாருங்கள். நாவல்பழம், கருப்பு பிளம், கொஞ்சம் சாக்லேட் வரும். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் இருந்ததென்றால் வெனிலாவும் தேங்காயும் சேர்ந்து வரும். அடுத்து வருவது மிளகு. மிளகு மாதிரி என்று கவிதைக்காகச் சொல்வதில்லை. ஷிராஸ் தோலில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற பொருள்தான் குமுளி மிளகிலும் வாசனை தருகிறது, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல் கண்டு சொன்னார்கள். குளிர்ந்த இடத்துக் கொடியில் இது கூடும், அதனால் பரோசாவை ஒட்டிய மேட்டு நிலமான ஈடன் பள்ளத்தாக்கு ஒயினில் மிளகு இன்னும் நன்றாகத் தெரியும். ஒன்று செய்து பாருங்கள்: நாலு மிளகை அப்போதுதான் நசுக்கி ஒரு தட்டில் வைத்து, அதையும் கிளாஸையும் மாற்றி மாற்றி மோந்து பாருங்கள். ஐந்தில் ஒருவர் மூக்குக்கு இந்த வாசனை பிடிபடுவதே இல்லை என்று அந்த ஆய்வில் தெரிந்தது, உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். இடுக்கிப் பக்கம் கிறிஸ்துமஸுக்குப் பரணியில் சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு வைக்கும் முந்திரிச்சாறு (மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை) வேறு, இது வேறு. இதில் சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்திருக்கும். துவர்ப்புக்கு மருந்து கொழுப்பும் புரதமும்தான், அதனால் வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடியுங்கள். மட்டன் சுக்கா பண்ணும்போது பச்சை மிளகாயையும் வத்தலையும் பாதியாகக் குறைத்துவிட்டு, இறக்கும் நேரத்தில் இடித்த மிளகைத் தாராளமாகப் போடுங்கள். மிளகாய்க் காரமும் சாராயமும் சேர்ந்தால் வாய் எரியும், மிளகுக்கும் ஒயினுக்கும் அப்படி ஒரு சேர்க்கை! தேங்காய்க்கொத்து போட்ட கேரளத்து "பீஃப் உலர்த்தியது" என்ற வறுவலுக்கு மிஞ்சி எனக்கு எதுவும் தோன்றவில்லை. சைவத்துக்குக் காளான் மிளகு வறுவல், நெய்யில் சுட்ட சேனை. புளி போட்ட மீன் குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் அன்றைக்கு வேண்டாம், மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும்.

அளவும் தெரிந்திருக்க வேண்டும். பரோசா ஷிராஸ் பெரும்பாலும் 14.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், 150 மில்லி ஊற்றினால் ஒரு லார்ஜ் விஸ்கியில் இருக்கும் சாராயத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதில் இருக்கிறது. ஜூஸ் என்று சொல்லிப் பெரியப்பாவுக்கு டம்ளர் நிறையக் கொடுக்காதீர்கள், அவர் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுபவர் என்றால் ஊற்றவே வேண்டாம். ஒரு பாட்டிலை நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் சரியாக இருக்கும். குடித்துவிட்டுக் குமுளி மலைப்பாதையில் வண்டி எடுக்கக் கூடாது, ஊர் திரும்ப வேண்டியவர் அன்றைக்கு மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மிச்சம் இருந்தால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, காற்றுக்கு இடம் விடாமல் கழுத்து வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், குடிக்க அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். அதற்கும் மேலே போனால் மட்டன் வேகவைக்கும்போது ஒரு கரண்டி விடலாம், விடும்போது அடுப்பைத் தணித்துக்கொள்ளுங்கள்.