அட்மின் வேலையிலிருந்து சொந்த வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழிலுக்கு: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஓசூர் சிப்காட்டில் அட்மினாக இருப்பவர் வெண்டார் பில்லைத் துரத்துகிறார், மேனேஜருக்கு டிக்கெட் போடுகிறார், மீட்டிங் மினிட்ஸ் எழுதுகிறார், எந்த மெயிலுக்கு இன்றே பதில் போகவேண்டும் என்று பிரிக்கிறார். இதையே வீட்டிலிருந்து இரண்டு மூன்று சிறு முதலாளிகளுக்கு மணிக்கணக்கில் செய்து கொடுப்பதுதான் வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில். வேலை பழகியதுதான். விலை சொல்வதும் எல்லை போடுவதும் புதிது. பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

1. ராஜினாமாவுக்கு முன்

அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் நோட்டீஸ் காலமும் வெளிவேலைத் தடையும் எப்படி இருக்கின்றன என்று படியுங்கள். தடை இருந்தால் வெளியே வரும்வரை யாரிடமும் பணம் வாங்கவேண்டாம். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்க 5 வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். நாலே முக்கால் வருடத்தில் கிளம்புகிறவர் மூன்று மாதம் பொறுக்கலாம். ஈஎஸ்ஐயை நம்பிய குடும்பம் என்றால் வேலை இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுங்கள். பொதுவாக விபத்தைத் தவிர மற்ற சிகிச்சைக்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது. கம்பெனி எக்செல் ஷீட்டுகளை பென் டிரைவில் அள்ளி வராதீர்கள். அது உங்கள் சொத்தல்ல.

2. எதை விற்பது

"எல்லாம் செய்வேன்" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இரண்டே வேலையைப் பிடியுங்கள்: மெயிலும் காலண்டரும், அல்லது பில் அனுப்பி வசூலுக்கு நினைவூட்டுவது. முதல் வாடிக்கையாளர் அமெரிக்காவில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும் ஓசூர் ரோஜா ஏற்றுமதியாளர்களுக்கும் ஆங்கில மெயில் எழுத ஆள் தேவைப்படும். கூழ் ஆலையில் சீசன் முடிந்தால் வேலை சுருங்கும், அதனால் அதை மட்டும் நம்பவேண்டாம்.

3. விலை

மாதம் வீட்டுக்கு 30,000 ரூபாய் வேண்டும், இணையம், மென்பொருள், காப்பீடு, லேப்டாப் தேய்மானத்துக்கு 6,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000. வாரம் 40 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஆள் தேடுவது, பில் போடுவது போக 20 மணி நேரத்துக்குத்தான் காசு வரும். மாதம் 80 மணி என்றால் மணிக்கு 450 ரூபாய். பழைய சம்பளத்தை மாத வேலை நேரமான 200 மணியால் வகுத்து விலை சொல்கிறவர் ஆறே மாதத்தில் களைத்துவிடுவார். பஸ் நேரம் மிச்சம் என்று குறைக்கவும் வேண்டாம்.

4. கரண்டும் இணையமும்

துணை மின்நிலையப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகலில்தான் வரும். ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் ரௌட்டருக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் போட்டால் அது அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு கம்பெனி சிம் வைத்திருங்கள்.

5. கணக்குக்குள் நுழைவது

வாடிக்கையாளரின் ஜிமெயில் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். ஓடிபி கேட்டு லண்டன்காரரை விடியற்காலையில் எழுப்பவேண்டி வரும். ஏதாவது காணாமல் போனால் சந்தேகமும் உங்கள் மேல்தான். அவரது ஜிமெயில் அமைப்புகளில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் உங்களை டெலிகேட்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாமலே அவர் மெயிலைப் படித்துப் பதில் போடும் ஆளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வரும் அழைப்பு மெயிலை ஒரு வாரத்துக்குள் ஏற்கவேண்டும்.

லண்டனில் காலை 9 மணி என்பது அங்கே கோடை என்றால் நமக்குப் பிற்பகல் 1:30, குளிர்காலம் என்றால் 2:30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறும். வாராந்திர மீட்டிங்கை இந்திய நேரத்தில் பதிந்தால் அன்றிலிருந்து ஒரு மணி நேரம் தவறும். அவருடைய நேர மண்டலத்திலேயே பதியுங்கள்.

6. காகிதங்கள்

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிநாட்டுப் பணம் வந்தால் ஒவ்வொரு தொகைக்கும் வங்கியிடம் வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்: ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் 20 மணி, பாதிப் பணம் முன்பணம், எத்தனை மணிக்குள் பதில், எந்த நாள் விடுமுறை. மீதி மணி அடுத்த மாதத்துக்குச் சேராது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால் மூன்றாம் மாதம் 45 மணி வேலை ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.