‘அனைத்தும் நலம்’ என்று எழுதும் பதிவேடும், பூங்கா விலங்குகளைப் பார்த்துக்கொள்வதில் நாம் செய்யும் தவறுகளும்

உயிரியல் பூங்காவில் தினமும் காலையில் ஒரு பதிவேடு மேஜைக்கு வரும். பெரும்பாலும் அதில் ஒரே வரிதான் இருக்கும்: ‘அனைத்து விலங்குகளும் நலம்.’ நேற்றும் நலம், முந்தாநாளும் நலம், போன மாதம் முழுக்க நலம். அப்புறம் ஒரு நாள் புள்ளிமான் ஒன்று செத்துக் கிடக்கும். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதற்கு முந்தைய நாளும் நலம்தான்.

சேலத்தைச் சுற்றி ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு பூங்கா விலங்குகள் பக்கம் வந்தவன் நான். சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி பூங்கா 1981-ல் சிறியதாகத் தொடங்கியது. இன்று நடுத்தரப் பூங்கா என்ற தகுதிக்கு வந்திருக்கிறது. இப்படிப் பூங்காக்கள் வளர வளர, விலங்குப் பராமரிப்பைப் புதிதாகத் தலையில் ஏற்பவர்களும் வருவார்கள். வனச்சரகராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம், உயிரியல் படித்த இளைஞராக இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இது. கீழே சொல்லும் தவறுகள் எந்த ஒரு பூங்காவுக்கும் தனிச் சொத்து இல்லை. சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பதிவேடு. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் படுத்துவிடும், கத்தும், மடி வற்றும், வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். மான் அப்படி இல்லை. காட்டில் தளர்ந்து நின்றால் சிறுத்தை பார்த்துவிடும் என்பதால், முடியாத நிலை வரும்வரை நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். பறவையும் அப்படித்தான். மயில் இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டால், பெரும்பாலும் தாமதமாகிவிட்டது என்று பொருள். ஆகவே ‘நலம்’ என்ற சொல்லையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். எத்தனை கிலோ தீவனம் போட்டோம், எத்தனை கிலோ மிச்சம், சாணம் புழுக்கையாக இருக்கிறதா, கட்டியாகவோ கழிசலாகவோ இருக்கிறதா, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றது எது? இதை எழுதட்டும். எது என்று சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். காது வில்லை, மைக்ரோசிப், கால் வளையம் இவையெல்லாம் அதற்குத்தான். ‘மான் 40, மயில் 12’ என்று தலையெண்ணி எழுதுவது இருப்புக் கணக்கு. மளிகைக் கடைக்கு அது போதும்.

மானைத் துரத்தாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிக விலங்குகளை இழப்பது இங்கேதான்.

பல வருடம் முன்பு ஒரு பூங்காவில், அடைப்பு மாற்றுவதற்காக நாலைந்து மான்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. சித்திரை மாதம். ஆள் கிடைத்து, வலை வந்து, வேலை தொடங்கும்போது மணி பதினொன்று. பத்துப் பேர் கை கோத்து மூலைக்கு ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டோம், ஒன்றுக்கும் காயம் இல்லை. கைதட்டாத குறை. மறுநாள் ஒரு பெட்டை பின்னங்கால் விறைத்து நின்றது. சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் செத்தது, நான்காம் நாள் இன்னொன்று. “பயத்துல ஹார்ட் அட்டாக் சார்” என்றார்கள். அது ஹார்ட் அட்டாக் இல்லை. உயிர்பயத்தில் ஓடும்போது தசையில் அமிலம் சேர்ந்து, தசை நார்களே சிதைய ஆரம்பிக்கின்றன. சிதைந்த தசையின் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. மான் ஓடி முடித்துப் பல மணி நேரம், சில சமயம் பல நாள் கழித்து இறப்பதால், துரத்தியதற்கும் இறந்ததற்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. வெயில் ஏற ஏற ஆபத்தும் ஏறும். வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சேலத்தில், பகல் பதினொரு மணிக்கு நாங்கள் செய்த வேலையின் லட்சணம் அது.

சரியான வழி அலுப்பூட்டும் வழி. பிடிக்க வேண்டிய நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே, சாக்குத் துணியால் மறைத்த ஒரு சிறு தொழுவத்துக்குள் தீவனம் வைக்கத் தொடங்குங்கள். மான் தானாக உள்ளே போய்த் தின்று பழகட்டும். ஒரு நாள் விடியற்காலையில், சத்தமில்லாமல் கதவு மூடட்டும். கையாள வேண்டியிருந்தால் உடனே கண்ணைக் கட்டுங்கள், பேச்சை நிறுத்துங்கள், தண்ணீர் தெளியுங்கள். மேலதிகாரி இன்றைக்கே முடிக்கச் சொன்னால், முடியாது என்று சொல்கிற ஆளாக நீங்கள்தான் இருக்க வேண்டும்.

மான் விஷயத்தில் இன்னொரு பிழை, குட்டி போடுவதைக் கொண்டாடுவது. புள்ளிமானின் சினைக்காலம் எட்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டை ஒரு வயது தாண்டினால் சினைக்குத் தயார். ஆண்டு முழுவதும் ஈனும். உள்ளே சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. சில வருடங்களில் அடைப்பில் புல் நுனிகூட மிஞ்சாது. கிடாக்கள் குத்திக்கொள்ளும், குடற்புழு பெருகும், ரத்த உறவுக்குள்ளேயே இனம் கூடும். கிடாக்களையும் பெட்டைகளையும் பிரித்து வைப்பது கல்நெஞ்சம் என்று நினைப்பவர்களுக்கு, நெரிசலான ஒரு மான் அடைப்பை மே மாதத்தில் காட்டினால் போதும்.

தீவனத்தில் தெரிந்த ஆபத்துகள்

சேலத்து விவசாயிகளுக்கு இளஞ்சோளப் பயிரை மாட்டுக்குப் போடக்கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் பயிரில் சயனைடு நச்சு கூடும். ஆனால் பூங்காவுக்குத் தீவனம் ஒப்பந்தத்தில் வருகிறது, இறக்குகிறவர் வேறு, போடுகிறவர் வேறு. வண்டி வந்ததும் கட்டைப் பிரித்துப் பார்க்க ஒருவரை வையுங்கள். சவுண்டல் தழையும் அப்படித்தான். புரதம் நிறைந்த நல்ல தழை, ஆனால் அதையே மொத்தத் தீவனமாகப் போட்டால் அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு முடியை உதிர்க்கும். மற்ற பசுந்தீவனத்தோடு கலந்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுக்கலாம்.

காணும் பொங்கல் அன்று கூட்டம் கட்டுச்சோற்றோடு வரும். மானுக்கு ஒரு கை பொங்கல் போட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. நார்த் தீவனத்துக்குப் பழகிய, அசைபோடும் விலங்கின் வயிற்றில் சோறும் பிரெட்டும் திடீரென்று போனால் புளித்து அமிலமாகிவிடும், வயிறு உப்பும், சில மணி நேரத்தில் நிலை மோசமாகும். அதோடு போகும் பிளாஸ்டிக் பை வெளியே வராது, அங்கேயே உருண்டையாகத் தங்கும். பலகை வைத்தால் யாரும் படிப்பதில்லை. வேலிக்கும் பார்வையாளர் தடுப்புக்கும் நடுவே, எறிந்தாலும் எட்டாத இடைவெளி விடுவதுதான் பலன் தருகிறது.

ஊன் உண்ணிகளுக்கு எலும்பில்லாத இறைச்சி மட்டும் போடுவது பாசம் போலத் தெரியும். தசையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும். நட்சத்திர ஆமையை வெயில் படாத அறையில் வைத்து முட்டைக்கோசும் தக்காளியுமாகக் கொடுத்தால் ஓடு மேடு பள்ளமாகும். இரண்டிலும் கால்சியக் கணக்குதான் தப்பியிருக்கிறது.

நோய் வாசல் வழியாகத்தான் வருகிறது

நோய்த் தடுப்பு என்றதும் தடுப்பூசியை நினைக்கிறோம். நான் பணியாளர்களின் வீட்டைக் கேட்பேன். நம் ஊரில் விலங்குக் காப்பாளர் பலருக்கு வீட்டில் இரண்டு கறவை மாடும் பத்து நாட்டுக்கோழியும் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு அது ஒரு துணை. காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, அதே செருப்போடு மான் அடைப்புக்குள் நுழைந்தால் கோமாரியும் கூடவே நுழையலாம். கோழிக்கு வந்த வெள்ளைக்கழிச்சல் மயிலுக்கும் வரும். இதற்கு அவரைக் குற்றவாளியாக்கினால், வீட்டில் கோழி செத்ததை அடுத்த முறை சொல்ல மாட்டார். பூங்காவுக்குள்ளேயே உடை மாற்ற இடம், அடைப்புக்கு அடைப்பு தனி பூட்ஸ், கிருமிநாசினித் தொட்டி, இவற்றைக் கொடுங்கள். வீட்டுக் கால்நடைக்கு இலவசமாகத் தடுப்பூசி போட்டுக் கொடுங்கள். செலவு சொற்பம்.

தெருநாயும் அதே கணக்கில் வரும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸும் உண்ணியால் பரவும் பேபீசியா என்ற ஒட்டுண்ணியும் கண்டுபிடிக்கப்பட்டன. சுற்றுச்சுவரின் ஓட்டையை அடைப்பதும் சுற்றியுள்ள ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் விலங்குப் பராமரிப்பு வேலைதான். மனிதரையும் விட்டுவிட முடியாது. 2021 ஜூன் 3-ல் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தபோது, அங்கே சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியிருந்தது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பும் விதி உங்கள் பூங்காவில் இருக்கிறதா?

புது விலங்கு வந்தால் வழக்கமாக 30 நாள் தனிமைப்படுத்த வேண்டும். அமைச்சர் திறந்துவைக்கும் தேதி குறித்தாகிவிட்டது என்பது அந்த 30 நாளைக் குறைக்கக் காரணம் ஆகாது.

மீட்பு என்ற பெயரில்

கரும்பு வெட்டும்போது மூன்று பூனைக்குட்டி போன்ற குட்டிகள் கிடைக்கும். “சிறுத்தைக்குட்டி” என்று வாட்ஸப்பில் பறக்கும். பெரும்பாலும் அவை காட்டுப்பூனைக் குட்டிகள். தாய் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். வேலையை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகினால் இரவுக்குள் தூக்கிக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். மான்குட்டியும் இப்படித்தான் ‘அனாதை’ ஆகிறது. தாய்மான் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்கத் திரும்பி வரும். ஏற்காடு அடிவாரத் தோட்டங்களில் அதைத் தூக்கி வருபவர்கள் நல்ல மனதோடுதான் தூக்கி வருகிறார்கள். பூங்காவின் தவறு, நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது. புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடா மனிதனைத் தன் இனமாக நினைக்கும். கொம்பு முற்றி, இணை தேடும் பருவத்தில், பால் கொடுத்தவரையே போட்டிக் கிடாவாக எண்ணிக் குத்தும். கிடாக்களில் நான் அதிகம் பயப்படுவது இப்படிச் செல்லமாக வளர்ந்ததைத்தான்.

குரங்கு பற்றி ஒரு வார்த்தை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றுலா வருபவர் கொடுக்கும் சிப்ஸில் வளரும் குரங்குகளை, ஊருக்குள் தொல்லை என்று பிடித்து வேறு காட்டில் விடுவதில் பயனில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும், சேர்க்காது. வந்தவை பக்கத்து ஊருக்குள் இறங்கும்.

இனப்பெருக்கம் வேறு, பாதுகாப்பு வேறு

மான், முதலை, மயில் பார்த்துச் சலித்தவர்கள் வெள்ளைப்புலி கேட்பார்கள். கூண்டில் இருக்கும் பெரும்பாலான வெள்ளைப்புலிகளின் வம்சம் 1951-ல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டிக்குப் போய்ச் சேரும். அந்த நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, மாறுகண்ணும் வேறு குறைகளும் கூடவே வந்தன. காட்டுப் புலியின் எண்ணிக்கைக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. சதுப்புநில முதலைக் கதை இதற்கு நேர் எதிர். சென்னைக்கு அருகே 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை இனப்பெருக்கத்தில் அமோகமாக வென்றது; கடைசியில் விடுவதற்கு ஆறும் ஏரியும் இல்லாமல் முதலைகள் நிறைந்துபோயின. எந்த இனத்தைப் பெருக்கப் போகிறோம், பிறந்தது எங்கே போகும் என்று எழுதிவைத்த பிறகே ஜோடி சேர்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் சேர்க்காதீர்கள்.

நம்மைப் போன்ற மலையடிவாரப் பூங்காவுக்குச் செய்ய வேறு வேலை நிறைய உண்டு. மாசி, பங்குனியில் சேர்வராயன் சரிவில் பிடிக்கும் தீ, புல்லை மூடிவிட்ட உண்ணிச்செடி, காபித் தோட்டத்துக்குள் வரும் காட்டுமாடு என்று வேலிக்கு வெளியே நடப்பவை. வரும் பிள்ளைகளுக்கு வரிக்குதிரையைக் காட்டுவதைவிட இதைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். வரிக்குதிரை கேட்டு அழும் பிள்ளையின் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைசியில் சாவு

சேலத்துக்காரர்களுக்குக் கோயில் யானை ராஜேஸ்வரியை நினைவிருக்கும். எழ முடியாமல் படுத்துக் கிடந்த அவளைக் கருணைக்கொலை செய்யலாமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. மருத்துவர் சான்று தந்தால் செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றும் முன்பே அவள் இறந்துவிட்டாள். வலி தீராத விலங்கை என்ன செய்வது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் அழுகைக்கு நடுவே எடுக்க வைக்காதீர்கள். எழுந்து நிற்கிறதா, தின்கிறதா, வலிமருந்துக்கு வலி அடங்குகிறதா என்ற அளவுகோல்களை, எல்லா விலங்கும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரும் காப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

இறந்த ஒவ்வொன்றுக்கும் பிரேதப் பரிசோதனை நடக்கும். அறிக்கை ஆங்கிலத்தில் வரும், கோப்புக்குள் போகும், அதோடு சரி. அதை அந்த விலங்கைப் பார்த்துக்கொண்டவருக்குத் தமிழில் படித்துக் காட்டுவதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். ஒருமுறை குடற்புழு என்று வாசித்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டே, “பத்து நாளா கழிசலாத்தான் இருந்துச்சு சார். நலம்னு எழுதுறதுதானே வழக்கம்னு எழுதிட்டேன்” என்றார்.