வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு வீட்டிலேயே தயிர் தோய்ப்பது எப்படி

போன டிசம்பரில் என் மகனுக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கு. டாக்டர் ஓஆர்எஸ்ஸும் 14 நாளைக்கு ஜிங்க்கும் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டை நிறுத்தாதீங்க, தயிர் சாதம் கொடுங்க என்றார். பால் குடித்தால் வயிறு உப்பியது, தயிர் ஒத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா மாதிரி வைரஸ், சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் நுனியைத்தான் கெடுக்கிறது, பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி இருப்பதும் அங்கேதான். தயிரிலோ அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை பாக்டீரியா முன்பே லாக்டிக் அமிலமாக்கியிருக்கும், மீதி செரிக்கவும் அதுவே உதவும்.

சரி, செய்முறை. அரை லிட்டர் பாலைப் பொங்கவிட்டு, சிம்மில் இன்னும் ஐந்து நிமிஷம். ஆவின் பச்சைப் பாக்கெட் என் தேர்வு, 4.5 சதவீதக் கொழுப்பு, தயிர் கெட்டியாக விழும்.

அடுத்து ஆறவைப்பது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். விரலை விட்டுப் பார்த்து இளஞ்சூடு என்று நினைத்து உறை ஊற்றினேன், காலையில் கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்கிறது. பாலை மாற்றினேன், பாத்திரத்தை மாற்றினேன், மூன்று நாளும் அதே கதை. சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: குளிரில் கை சில்லிட்டிருக்கும்போது 34 டிகிரி பாலே சூடாகத்தான் படும். சூடு குறைந்தால் தயிர் பாக்டீரியா மெதுவாகும், வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். 42, 43 டிகிரியில் ஊற்றுங்கள். நூல் விட்ட தயிரை மறுபடி உறையாக எடுக்கவே கூடாது, நான் அதையும் செய்தேன், அதனால்தான் மூன்று நாள் போச்சு.

நல்ல தயிர் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். குளிர்காலத்தில் டவலைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவேன், ராத்திரி எட்டுக்கு வைத்தால் காலை ஆறுக்குத் தோய்ந்திருக்கும். மே மாத வேலூர் வெயிலில் நாலைந்து மணி நேரமே அதிகம், உடனே பிரிட்ஜ். மெருகு பூசாத மண்சட்டிதான் எனக்குப் பிடிக்கும், தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

சோறு ஆறின பிறகு பிசையுங்கள். ஆவி பறக்கும் சோற்றில் ஊற்றினால் பாக்டீரியாவில் நிறைய செத்துப்போகும்.

நோய் எதிர்ப்பு பற்றி: குடல் சுவருக்கு அடியில் எதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே வரும் பாக்டீரியாவை அவை பரிசோதித்து, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சளிப்படலத்துக்குள் அனுப்புகின்றன, அது கிருமி குடலில் ஒட்டாமல் பிடித்துக்கொள்கிறது. சில குறிப்பிட்ட பாக்டீரியா வகைகள் இந்த வேலையைத் தூண்டுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டு உறையில் எந்த வகை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் தயிரை மருந்தாக நினைக்காதீர்கள். ரோட்டா சொட்டு மருந்தை 6, 10, 14வது வாரங்களில் தவறாமல் போடுங்கள். நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து பரிசோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா, ஐந்து மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் எந்த வயதுப் பிள்ளையானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், ஓஆர்எஸ்ஸை வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள்.

உறை தீர்ந்துபோவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். சட்டியைத் திறந்ததும் முதல் ஸ்பூனைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் பரிமாறுவேன்.