விளையாட்டிலேயே தசைக்கு வலு: ஒரு பாடவேளைக்கான செய்முறை

தண்டால் எடுக்கச் சொன்னால் ஐந்தாவதிலேயே முனகும் பிள்ளை, அதே கைகளை ஊன்றி நண்டு நடை போட்டுப் பந்தைத் துரத்தும்போது நேரம் போவதே தெரியாமல் ஆடும். தோளுக்கும் கைக்கும் இரண்டிலுமே வேலைதான்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எடைக் கருவிகள் தேவையில்லை. சொந்த உடல் எடையே தொடக்கத்துக்குப் போதும். பருவமடையும் முன் தசை அவ்வளவாகப் பருக்காது. தசை நார்களை ஒருசேர இயக்க நரம்புகள் பழகுவதால்தான் வலு கூடுகிறது. அதனால் கையின் பருமனைப் பார்த்து எடை போடாதீர்கள்.

படி 1: உடலைச் சூடாக்க 5 நிமிடம். மெல்லோட்டம், கை சுழற்றல், விசிலுக்கு ஒரு தவளைத் தாவல்.

படி 2: நண்டுக் கால்பந்து. தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்க வேண்டும். அந்த நிலையிலேயே நகர்ந்து பந்தை உதைக்க வேண்டும். அணிக்கு 5 பேர் போதும். கூடினால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். 30 விநாடி ஆட்டம், 30 விநாடி ஓய்வு, 6 சுற்று. மணிக்கட்டு வலிக்கிறது என்றால் விரல்களைப் பக்கவாட்டில் திருப்பி ஊன்றச் சொல்லுங்கள்.

படி 3: கை தொடும் ஆட்டம். இருவர் எதிரெதிரே தண்டால் நிலையில் நிற்க, ஒருவர் புறங்கையை மற்றவர் தொட்டால் ஒரு புள்ளி. 20 விநாடி போதும். இங்கே உங்கள் கண் இடுப்பில்தான் இருக்க வேண்டும். இடுப்பு தொய்ந்து முதுகு வளைந்தால் வயிற்றுத் தசை ஓய்ந்துவிட்டது என்று பொருள். உடனே முட்டியை ஊன்றித் தொடரச் சொல்லுங்கள். அதைத் தோல்வியாக யாரும் எண்ணாதபடி, முதல் சுற்றை எல்லோரையும் முட்டி ஊன்றியே ஆடவிடுவது என் வழக்கம்.

படி 4: கயிறு இழுத்தல். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த போட்டி இது. கால், முதுகு, பிடி மூன்றுக்கும் ஒருசேர வேலை. உடல் எடை ஏறக்குறைய சமமாக வரும்படி அணி பிரியுங்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரல் நசுங்கிப்போகும். தோற்கும் அணி கயிற்றைத் திடீரென விடாமல் விசில் வரை பிடித்திருக்கட்டும்.

எந்த ஆட்டத்திலும் ‘அவுட்’ மட்டும் வேண்டாம். முதலில் வெளியேறுவது பெரும்பாலும் வலு குறைந்த பிள்ளைதான். பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். தொடப்பட்டவர் 3 தவளைத் தாவல் போட்டுவிட்டு மறுபடி ஆட்டத்தில் சேரட்டும்.

இரண்டு வாரம் கழித்து ஏதாவது ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: 20 விநாடியை 25 ஆக்கலாம், அல்லது ஒரு சுற்று சேர்க்கலாம். மறுநாள் தசையில் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டில் வலி என்று பிள்ளை சொன்னால், அந்த ஆட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.