கண்ணாடி போட்டவர்கள் டெலஸ்கோப்புக்கு ஐபீஸ் வாங்கும் முன்

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ஐபீஸ் (டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கிற, கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ் குழாய்) பற்றி யாரிடம் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "20 மிமீ ஐ ரிலீஃப் இருக்கான்னு பார்த்து வாங்குங்க." ஐ ரிலீஃப் என்பது ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி, கண்ணாடிக்கு இடம் வேண்டுமே, தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா ஐபீஸையும் அந்த ரகத்திலேயே வாங்கினால் பாதிக் காசு வீண்தான். எந்த உருப்பெருக்கத்தில் உங்களுக்குக் கண்ணாடி வேண்டும், எதில் கழற்றி வைத்துவிடலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

கண் டாக்டர் கொடுத்த சீட்டை எடுங்கள். ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் என்று கட்டங்கள் இருக்கும். ஸ்பியர் என்பது கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கணக்கு. அது மைனஸ் 6 ஆக இருந்தாலும் பெரும்பாலான டெலஸ்கோப்பில் ஃபோகஸ் குமிழைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். வெள்ளெழுத்துக்கும் ஐபீஸுக்கும் சம்பந்தமே இல்லை, அந்தக் கண்ணாடி நட்சத்திர வரைபடம் பார்க்கத்தான் வேண்டும். சிக்கல் சிலிண்டரில்தான். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் வருவது இது, பெயர் ஆஸ்டிக்மாடிசம், ஃபோகஸை எப்படித் திருப்பினாலும் போகாது, நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகவோ சிலுவையாகவோ இழுபட்டுத்தான் தெரியும். இதற்கு முதன்முதலில் லென்ஸ் வடிவமைத்துப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர், 1825 வாக்கில், ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர். நல்ல டெலஸ்கோப்பில் நட்சத்திரத்தைப் பெரிதாக்கினால் தெரிகிற குட்டி வட்டுக்கு 'ஏரி வட்டு' என்று பெயர் வந்ததும் இவரால்தான்.

சிலிண்டர் கட்டம் காலியாகவோ 0.25 ஆகவோ இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எந்த ஐபீஸ் வேண்டுமானாலும் வாங்குங்கள், மிச்சத்தைப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

மற்றவர்களுக்கு எக்ஸிட் பியூப்பில்தான் முக்கியம். ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. ஐபீஸின் குவியத் தூரத்தை (அதன் மேல் மிமீயில் போட்டிருக்கும் எண்) டெலஸ்கோப்பின் எஃப் எண்ணால் (டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை அதன் விட்டத்தால் வகுத்தது) வகுத்தால் கிடைக்கும். பலரிடமும் இருக்கிற 8 அங்குல எஃப்/6 டாப்சோனியன் ரக டெலஸ்கோப்பையே எடுத்துக்கொள்வோம், குவியத் தூரம் 1200 மிமீ. 30 மிமீ ஐபீஸ் போட்டால் 40 மடங்கு, எக்ஸிட் பியூப்பில் 5 மிமீ. 12 மிமீ போட்டால் 100 மடங்கு, 2 மிமீ. 6 மிமீ போட்டால் 200 மடங்கு, 1 மிமீ. கற்றை குறுகக் குறுக கருவிழியின் நடுவில் ஒரு சின்னப் பகுதியைத்தான் அது பயன்படுத்துகிறது, அவ்வளவு சின்ன இடத்துக்குள் வளைவின் கோளாறு பெரிதாகத் தெரியாது. என் கணக்கு இது: சிலிண்டர் 0.5 என்றால் 1.5 மிமீக்குக் கீழே கண்ணாடி தேவைப்படாது, 1 என்றால் 1 மிமீ வரை இறங்க வேண்டும், 2-ஐத் தாண்டிவிட்டால் எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டே பார்ப்பதுதான் நல்லது.

கணக்கை நம்ப வேண்டாம் என்றால் சோதித்துப் பாருங்கள். சித்திரை நட்சத்திரம் போல ஓரளவு பிரகாசமான ஒன்றைக் குறைந்த உருப்பெருக்கத்தில் நடுவில் வைத்து, கண்ணாடி இல்லாமல் முடிந்தவரை கூர்மையாக ஃபோகஸ் செய்யுங்கள். இழுபட்டுத் தெரிந்தால் தலையை மட்டும் இடமும் வலமும் சாயுங்கள். கோடும் கூடவே சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில். அசையாமல் நின்றால் குறை டெலஸ்கோப்பிலோ ஐபீஸிலோ, கண்ணாடிக்கு அங்கே வேலையில்லை. அப்புறம் ஒவ்வொரு ஐபீஸாக மாற்றி, எந்த இடத்தில் கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஐ ரிலீஃப். முழு வட்டமும் தெரிய வேண்டுமென்றால் ஐபீஸின் கடைசி லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அது. கண்ணாடி கண்ணிலிருந்து 12, 13 மிமீ தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அதன் தடிமன் வேறு, அதனால் குறைந்தது 16, நிம்மதியாகப் பார்க்க 18 முதல் 20 மிமீ வேண்டும். குறைந்தால் ஓரம் வெட்டுப்பட்டு, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

ப்ளாஸல் என்ற சாதாரண, மலிவு ரக ஐபீஸில் ஐ ரிலீஃப் அதன் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். ஆக 32 மிமீ ப்ளாஸலில் 22 மிமீ கிடைத்துவிடுகிறது. கார்த்திகைக் கூட்டத்தையோ பால்வீதியையோ குறைந்த உருப்பெருக்கத்தில் மேயும்போதுதான் கண்ணாடி கட்டாயம், அந்த இடத்துக்கு மலிவான ப்ளாஸலே போதும். மறுமுனையில், சனியையும் வியாழனையும் 200 மடங்கில் பார்க்கும்போது பலர் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், அங்கே நீண்ட ஐ ரிலீஃப் ஒரு வசதி, அவ்வளவுதான். ஆனாலும் 6 மிமீ ப்ளாஸலை மட்டும் வாங்காதீர்கள், அதற்குள் கண்ணை அழுத்திப் பார்ப்பது கண்ணாடி போடாதவர்களுக்கே சித்திரவதை.

காசு போட வேண்டிய இடம் நடுவில். எஃப்/6-ல் 12 முதல் 18 மிமீ வரை. எக்ஸிட் பியூப்பில் 2, 3 மிமீ இருப்பதால் கண்ணாடியைக் கழற்றவும் முடியாது, ப்ளாஸலின் ஐ ரிலீஃப் 8 முதல் 13 மிமீக்குள் என்பதால் போட்டுக்கொண்டு பார்க்கவும் முடியாது. கேலக்ஸிகள், கோளகக் கொத்துகள் (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்கள்) எல்லாம் அழகாகத் தெரிவதும் இங்கேதான். நல்ல பட்ஜெட் இருந்தால் டெலிவ்யூ டெலோஸ், டெலைட், பென்டாக்ஸ் எக்ஸ்டபிள்யூ, விக்ஸன் எஸ்எல்வி எல்லாமே 20 மிமீ ஐ ரிலீஃப் தருகிறவை. எஸ்எல்வியின் பார்வைப் புலம் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) 50 டிகிரி அளவுதான், டெலோஸில் 72. செலஸ்ட்ரான் எக்ஸ்-செல் எல்எக்ஸ் 16 மிமீ, சமாளிக்கலாம். இதெல்லாம் வேண்டாம், கையிருப்பு கம்மி என்றால் ஒரு 2 மடங்கு பார்லோ (ஐபீஸுக்கு முன்னால் செருகி உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) வாங்கி அந்த 32 மிமீ ப்ளாஸலோடு சேருங்கள். 16 மிமீ ஆகிவிடும், ஐ ரிலீஃப் குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். புலம் அகலமாக இருக்காது என்பது மட்டும்தான் குறை. என்னைக் கேட்டால் ஆரம்பத்தில் இதுவே போதும்.

டெலஸ்கோப் எஃப்/10 ஷ்மிட்-காசெக்ரைன் அல்லது எஃப்/13 அளவிலான மாக்சுதோவ் ரகம் என்றால் எண்கள் எல்லாம் மாறும். 25 மிமீ ஐபீஸிலேயே எக்ஸிட் பியூப்பில் 2, 2.5 மிமீக்கு வந்துவிடுவதால் சிலிண்டர் பவர் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

பெட்டியில் போட்டிருக்கும் ஐ ரிலீஃப் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது லென்ஸின் பரப்பிலிருந்து அளப்பது. லென்ஸ் விளிம்புக்குள் 3, 4 மிமீ பள்ளத்தில் இருந்தால் அந்த அளவு போச்சு. வாங்கும் முன் பகலிலேயே பார்த்துவிடலாம், டெலஸ்கோப்கூட வேண்டாம். ரப்பர் கப்பை மடித்து, கண்ணாடி போட்டபடி ஐபீஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வட்டத்தின் கூர்மையான விளிம்பு சுற்றிலும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அது உங்களுக்குப் பொருந்தும், கண்ணைச் சுழற்றித் தேட வேண்டியிருந்தால் பொருந்தாது. அப்போதே விளிம்பையும் தொட்டுப் பாருங்கள், வெறும் உலோகம் என்றால் கண்ணாடியில் கீறல் நிச்சயம்.

கண்ணாடியும் பாதி வேலை செய்கிறது. தூரம், கிட்டம் எல்லாப் பவரும் ஒரே கண்ணாடியில் படிப்படியாக மாறும் ப்ராக்ரெசிவ் லென்ஸ் ஐபீஸுக்கு ஆகவே ஆகாது, தலையைச் சாய்க்கிற ஒவ்வொரு முறையும் பவர் மாறும். தூரப் பவர் மட்டும் போட்டு இதற்கென்று தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள், கூடவே எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் போடச் சொல்லுங்கள். மெல்லியதாக இருக்கும் என்று கடைக்காரர் பாலிகார்பனேட்டையோ ஹை இண்டெக்ஸையோ நீட்டினால், பவர் ரொம்ப அதிகமாக இல்லாத வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்கே கேளுங்கள், ஓரத்தில் நிறம் பிரிவது அதில் குறைவு, விலையும் குறைவு. ஃப்ரேம் முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள், இரண்டு மிமீ நெருங்கினாலும் ஐபீஸில் அது லாபம்தான்.