வெள்ளரிக்காயை நம்பி இறங்காதீர்கள்

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் போன வாரம் ஒரு தம்பியைப் பார்த்தேன். கையில் எவர்சில்வர் டப்பா. உள்ளே வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், மேலே கொஞ்சம் மிளகுத்தூள். “அக்கா, நானும் சமைக்காத உணவுக்கு மாறிவிட்டேன். இன்று மூன்றாவது நாள். தலை விண் விண்ணென்று தெறிக்கிறது. உடம்பில் சேர்ந்த கழிவு வெளியேறுகிறது, இல்லையா?” என்றான். முகத்தில் வலியைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே முகத்தோடு அலைந்தவள். நங்கநல்லூர் வீட்டில் கேஸ் அடுப்பைப் பழைய வேட்டித்துணி போட்டு மூடி, அதன்மேல் ஒரு மஞ்சள் பூவும் வைத்தேன். அத்தை மறுநாள் காலை பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, துணியைக் கரித்துணியாக்கிக்கொண்டு, எப்போதும்போல் டிகாக்‌ஷன் போட்டார்கள். அப்போதே கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

இன்றைக்கும் என் காலை உணவும் மதிய உணவும் பெரும்பாலும் அடுப்பைத் தொடாதவைதான். அதனால் இது எதிர்ப்பிரசாரம் அல்ல. காயைக் கழுவுங்கள், பழுக்காத பப்பாளியைத் தின்னாதீர்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் அவர்களுக்குத் தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

காபியையும் அன்றே நிறுத்துவது

அந்தத் தம்பியின் தலைவலிக்குக் காரணம் கழிவு அல்ல, காபி. நாளைக்கு மூன்று வேளை ஃபில்டர் காபி குடித்துப் பழகிய உடம்பு அதை நிறுத்திய ஒரு நாளுக்குள் தலைவலியைக் கொடுக்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். கஃபீன் பழக்கம் விட்டால் எவருக்கும் வருவதுதான் இது. பிரியாணி மட்டும் சாப்பிட்டுக்கொண்டு காபியை நிறுத்தினாலும் இதே வலி வரும். காபியை முதலில் குறையுங்கள், இரண்டு வாரம் கழித்து உணவை மாற்றுங்கள். எது எதனால் வருகிறது என்றாவது தெரியும்.

பசியைக் கழிவு வெளியேற்றம் என்று நம்புவது

இதற்குத்தான் நான் விலை கொடுத்தேன். இன்றும் யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

என் முதல் ஐந்து மாதச் சாப்பாட்டைச் சொல்கிறேன். காலையில் ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு. மதியம் வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் முட்டைக்கோஸ், ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறு. இரவு ஒரு கிண்ணம் பப்பாளி, இரண்டு கொய்யா. தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறைந்திருக்கும். ஆனால் வெள்ளரிக்காயைக் கால் கிலோ தின்றாலும் 40 கலோரி தேறாது. அந்த நாள் முழுவதையும் கூட்டினால் 500 கலோரியைத் தாண்டுமா என்பதே சந்தேகம். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நான் மூன்றில் ஒரு பங்குகூடச் சாப்பிடாமல், மின்சார ரயிலில் நின்றுகொண்டே கடற்கரை நிலையம் வரை போய் வந்துகொண்டிருந்தேன்.

58 கிலோ இருந்தவள் 46க்கு வந்தேன். முதல் ஆறு கிலோ குறைந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். அந்தப் பாராட்டு ஒரு போதை. அடுத்த ஆறு கிலோவுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை, உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்கள். சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. கார்த்திகை மாதத்தில், சென்னையில், கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தேன். படியேறினால் கண் இருட்டியது. நான்காம் மாதம் மாதவிடாய் நின்றது. அப்போது எனக்கு வயது 36.

எனக்கு வழிகாட்டியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடத்தியவர். கனிவாகப் பேசுவார், காசு வாங்கமாட்டார், அதனாலேயே நம்பினோம். அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “கழிவே இல்லாத உடம்புக்கு மாதவிடாய் எதற்கம்மா? நீங்கள் சுத்தமாகிவிட்டீர்கள்.” சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். நானும் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். ஏழு மாதம் அந்தப் பூரிப்பிலேயே ஓடியது.

மாதவிடாய் கழிவு அல்ல. உள்ளே வரும் சக்தி செலவுக்குப் போதவில்லை என்று மூளைக்குத் தெரிந்ததும், சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்கான உத்தரவை அது குறைத்துவிடுகிறது. பஞ்ச காலத்தில் பிள்ளை வேண்டாம் என்று உடம்பு எடுக்கும் முடிவு அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பு கரையும். ஜெர்மனியில் நீண்டகாலம் சமைக்காத உணவில் இருந்தவர்களைக் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்து 1999இல் வெளியிட்ட கணக்கில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. எடை குறையக் குறைய அது கூடியது. நான் முகாமில் பூரித்து உட்கார்ந்திருந்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்ட செய்தி.

கடைசியில் அத்தைதான் என்னைக் கையைப் பிடித்து மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஸ்கேன் எதுவும் எழுதுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?” நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எழுதியது அரைப் பக்கம்கூட வரவில்லை. அந்தச் சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பெலும்பு என் வயதுக்குக் குறைவாக இருந்தது. மாதவிடாய் திரும்பி வந்துவிட்டது. எலும்பு முழுதாகத் திரும்பவில்லை.

காந்தி 1929இல் சமைக்காத உணவுச் சோதனையில் இறங்கினார். உணவுச் சோதனைகளில் அவருக்கு இருந்த பிடிவாதம் ஊரறிந்தது. ஆனால் வயிற்றுக்கடுப்பு வந்து உடம்பு தளர்ந்ததும் நிறுத்திவிட்டார். கழிவு வெளியேறுகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் தொடரவில்லை. அவரைவிட வைராக்கியசாலிகளாக நாம் எதற்கு ஆகவேண்டும்?

சரி, எப்படிச் சாப்பிட்டால் போதும்? தேங்காயும் வாழைப்பழமும் என்று நம் பக்கத்துப் பழைய இயற்கை உணவுக்காரர்கள் சொன்னது சும்மா இல்லை. தேங்காய்த் துருவல் 100 கிராமில் சுமார் 350 கலோரி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 100. ஊறவைத்த நிலக்கடலை, ஊறவைக்குமுன் எடைபோட்டு 50 கிராம் என்றால் 280. பேரீச்சை, எள், பலா கிடைக்கும் காலத்தில் பலாச்சுளை. காய்கறித் தட்டு இவற்றுக்குத் துணை. கேரட்டில் இருக்கும் சத்து உடம்பில் சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், ஆகவே கேரட்டின் மேல் தேங்காய் தூவுவது ருசிக்காக மட்டும் அல்ல. “இவ்வளவு தேங்காயா, கொழுப்பு ஏறாதா?” என்று புதிதாக வருபவர்கள் அலறுவார்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைக்கவேண்டிய எடை இல்லாதவருக்கு எடை குறைந்தால் தேங்காயைக் கூட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் முகாமுக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

முளைவிட்டதெல்லாம் பச்சையாகத் தின்னலாம் என்பது

வேளச்சேரியிலிருந்து என்னைப் பார்க்க வரும் ஒரு தம்பதி, பச்சைப்பயறு அலுத்துவிட்டது என்று ராஜ்மாவை முளைகட்டித் தின்றார்கள். இரண்டு மணி நேரத்தில் இருவரும் மாறி மாறிக் குளியலறைக்கு ஓடியிருக்கிறார்கள். சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் ஒரு வகை லெக்டின் நஞ்சு முளைகட்டினால் போகாது. கொதிக்கும் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் வெந்தால்தான் அழியும். நான்கைந்து கொட்டையே வயிற்றைப் புரட்டப் போதும். சோயாவும் வேண்டாம். கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கைப் பச்சையாகத் தின்றால் என்ன ஆகும் என்று நாக்கே சொல்லிவிடும். மரவள்ளியில் சயனைடு உண்டு.

பச்சைப்பயறிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு எட்டு மணி நேரம் ஊறிய பயறு, ஈரத்துணியில் ஒரே இரவில் வால் விட்டுவிடும். முளை வளர்வதற்கு ஏற்ற அந்தச் சூடும் ஈரமும்தான் கிருமிக்கும் பிடிக்கும். விதைக்குள்ளேயே கிருமி இருந்தால் எத்தனை முறை அலசினாலும் போகாது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை கிருமித் தொற்றில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துணியைப் பிரித்ததும் புளிப்பு வாடை வந்தாலோ, விரலில் வழவழப்பு ஒட்டினாலோ செடிக்குப் போட்டுவிடுங்கள். நான் இப்போது மூன்று நிமிடம் ஆவி காட்டித்தான் சாப்பிடுகிறேன். அடுப்பு தீட்டு என்று நினைத்த காலம் போய்விட்டது.

கசக்கும் சுரைக்காய்ச் சாறு

மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்காதீர்கள், துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, உயிரே போயிருக்கிறது.

அவலும் முந்திரியும்

இரண்டும் பச்சை அல்ல. நெல்லை ஊறவைத்துச் சூடாக்கி இடித்தால்தான் அவல். முந்திரிக்கொட்டையை வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் ஓட்டை உடைக்கிறார்கள், இல்லையென்றால் ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கும். அவலில் தூவும் வெல்லமும் கொதித்துக் காய்ந்து வந்ததே. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ஒரு குற்றமும் இல்லை. நூற்றுக்கு நூறு பச்சை என்று மார்தட்டுகிறவர்களிடம் மட்டும் நான் இதைச் சொல்வதுண்டு. ஒரு அற்ப சந்தோஷம்.

சர்க்கரை மாத்திரையோடு தொடங்குவது

மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். உணவு குறைந்து மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவீர்கள்.

தினமும் கீரைச் சாறு

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது கூடவே கூடாது. மற்றவர்களும் பச்சைக் கீரையைக் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிப்பதை விடுங்கள். அதில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் அதிகம்.

இரண்டு வருடம் நன்றாக இருக்கிறது என்று பி12ஐ மறப்பது

தாவர உணவில் பி12 வைட்டமின் கிடையாது. கல்லீரலில் சேமித்து வைத்தது சில ஆண்டுகள் ஓடும், அதனால்தான் தொடக்கத்தில் எல்லோரும் ஆரோக்கியமாகவே திரிகிறார்கள். ஸ்பைருலினா பொடியில் இருப்பது பி12 போலத் தோற்றமளிக்கும் வேறொன்று, உடம்புக்குப் பயன்படாது. இன்னொரு தந்திரமும் இதில் உண்டு. பச்சைக் காய்கீரையில் ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். என்னோடு தொடங்கிய ஒருவருக்கு நான்காம் ஆண்டு உள்ளங்காலில் மணல்மேல் நடப்பது போல் இருந்ததாம். மெரினா மணலில் தினமும் நடந்த பழக்கம் என்று அவரும் நினைத்துக்கொண்டார். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் அளவு பாருங்கள், மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் போடுங்கள். மாத்திரை இயற்கை இல்லை என்று யாராவது சொன்னால் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள்.

அயோடினும் அப்படித்தான். இந்துப்புக்கு மாறுகிறவர்கள் அயோடின் சேர்த்த உப்பை மொத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள்.

சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் விழுவது

சென்னையில் பலரும் கோடையில்தான் தொடங்குகிறார்கள். அப்போது எல்லாம் சுலபம். தெருமுனையில் நுங்கு, கோயம்பேட்டில் பங்கனப்பள்ளி மலைபோல், தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு. சூடாக எதையும் தொட மனம் வராது. இதை நம் மனவலிமை என்று நினைத்துக்கொள்கிறோம், அது வெயிலின் வேலை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் பழ வரத்து சுருங்கும், விலை ஏறும், தெருவில் தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டில் யாரோ ரசத்துக்குத் தாளிப்பார்கள். நான் முதல் ஆண்டு மூன்று முறை உடைந்ததும் அந்த மாதத்தில்தான், ஒவ்வொரு முறையும் குற்ற உணர்வில் மறுநாள் பட்டினி கிடந்தேன்.

தொடங்குவதானால் ஒரே ஒரு வேளையை மாற்றுங்கள், அதையும் ஆடி ஆவணியில் மாற்றுங்கள். காலை வேளை என்றால் வீட்டில் சண்டை குறைவு. மழைக்காலத்தில் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேளைக்குப் போகலாம். எனக்கு இரண்டு வேளைக்கு மேல் நிற்கவில்லை. இரவில் அத்தை வைக்கும் மிளகு ரசம், குழைந்த சோறு, அப்பளம் ஒன்று. அப்பளத்தைச் சுட்டுத்தான் தருவார்கள், எண்ணெய் கூடாதாம்.